அக்காவின் அறையில் பேட்டரி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் தம்பி பெண்டாட்டி, பேட்டரி மூவரும் நலம். மூவரில் மிகவும் நலம் பேட்டரிதான். ஏன் என்பது போகப் போகத் தெரியும். அங்கே உன் நலத்துக்கும் உன் மூச்சு மெஷினின் நலத்துக்கும் உடனே பதில் போடவும்.

போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் எதை ஆரம்பித்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் "சரி, விஷயத்துக்கு வா" என்கிறாய். மூன்றாவது வாக்கியத்தில் "சரி, வெச்சிடறேன்" என்கிறாய். கடிதத்தை நடுவில் வைத்தாலும், நம்ம தம்பி என்னதான் உளறியிருக்கிறான் என்று மறுபடி எடுத்துப் படித்துத்தான் ஆகவேண்டும். ஆகையால் நிதானமாக உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துக்கொண்டு படி. விஷயம் கடைசியில் வரும்.

அத்தான் போன பிறகு அந்த மூன்றாவது மாடி வீட்டில் நீ தனியாக இருப்பது எனக்குச் சம்மதமில்லை என்பது உனக்குத் தெரியும். இப்போது டாக்டரும் என் கட்சிக்கு வந்துவிட்டார். தூக்கத்தில் உனக்கு மூச்சு நின்று நின்று வருகிறது, பழைய மெஷின் போதாது, புதுசு மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும், வீட்டில் இன்னொரு ஆள் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் நான் உடனே போன் போட்டு, "கிளம்பி வந்துடு அக்கா" என்றேன். நீ என்ன சொன்னாய்? "உங்க வீட்டுல ஒரு நாளைக்கு நாலு தடவை கரண்ட் போகுது. மெஷின் நின்னா நானும் நின்னுடுவேன். கரண்ட் போகாத வீடா மாத்து, அப்புறம் பாக்கலாம்." நியாயமான பேச்சு. இத்தனை வருஷத்தில் நீ ஒரு ராத்திரிகூட என் வீட்டில் தங்கியதில்லை. எப்போது வந்தாலும் சாயங்காலம் ஆறு மணி பஸ்ஸுக்கு கைப்பையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிடுவாய். காரணம் இந்தக் கரண்ட்தான் என்று எனக்கு இப்போதுதான் புரிந்தது.

உன் குறட்டையைப் பற்றி எனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் நிறைந்த கூடத்தில், "எங்க அக்காவோட சேர்த்து ஒரு மாவு மில்லும் உங்க வீட்டுக்கு வருது, ராத்திரியில மட்டும் ஓடும்" என்று நான் சொன்னதும், அத்தானுடைய சித்தப்பா, "டீசலா, கரண்டா?" என்று கேட்டாரே! கூடமே அதிர்ந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து இன்றைக்கும் அந்தப் பக்கத்து ஜனங்கள் என்னைப் பார்த்தால் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். அது கிடக்கட்டும்.

நீ வைத்த நிபந்தனையை நான் சவாலாக எடுத்துக்கொண்டேன். எங்கள் ஏரியாவில் ஒரு எலெக்ட்ரீஷியன் இருக்கிறார். அவருக்கு மூணு பேஸ் என்று பெயர். எதைக் கேட்டாலும் மூன்று கட்டமாகப் பதில் சொல்வார். காலையில் "முடியும் சார்." மத்தியானம் "முடியும் சார், ஆனா..." சாயங்காலம் "முடியாது சார்." நான் அவரைக் காலையில் கேட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

"கரண்ட் போகவே கூடாதா? மொட்டை மாடியில சோலார் போட்டுடுங்க சார். சூரியனை யாரு ஆஃப் பண்ண முடியும்?" என்றார். எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. எட்டுப் பலகைகள் ஏறின. ஒரு வாரம் நான் தரையைப் பார்த்து நடக்கவில்லை. சூரியன் என்னிடம் சம்பளம் இல்லாமல் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி, காலையில் கொஞ்சம் தாமதமாக வந்தால்கூட முறைத்துப் பார்த்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குக் கீழே என் ஜெராக்ஸ் கடையில் ஒரு பெண் இருநூற்றுப் பன்னிரண்டு பக்க ஆய்வேட்டை நகல் எடுக்கக் கொண்டுவந்தாள். மெஷின் தொண்ணூறாவது பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது தெருவில் எல்லாக் கடையிலும் மின்விசிறி நின்றது. நான் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்து, "நம்ம கடையில அந்தக் கவலையே இல்லம்மா, நம்மளது நேரா சூரியன்ல இருந்து..." என்று சொல்லி முடிப்பதற்குள், அக்கா, நம் கடையும் நின்றது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே இருட்டு. அந்தப் பெண் தொண்ணூறாம் பக்கம் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்த மெஷினையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மூணு பேஸைக் கூப்பிட்டேன். மறுநாள் காலையில்தான் வந்தார்.

"என்னய்யா இது, மேல சூரியன் இருக்கு, கீழ கரண்ட் இல்ல?"

"லைன்ல கரண்ட் இருந்தாத்தான் சார் இந்த சோலார் கொடுக்கும்."

"லைன்ல கரண்ட் இருந்தா எனக்கு எதுக்கய்யா சோலார்?"

"அது நல்ல கேள்வி சார்."

பிறகு விளக்கினார். சோலார் கரண்ட் தன்னிஷ்டத்துக்கு வராதாம். தெருக் கம்பியில் வருகிற கரண்ட் எந்தத் தாளத்தில் ஆடுகிறதோ அதைக் கேட்டு, அதே தாளத்தில்தான் இதுவும் ஆடுமாம். கம்பியில் தாளம் நின்றால் இதுவும் உடனே நின்றுவிட வேண்டும். இல்லையென்றால் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவரை நம் வீட்டுச் சூரியன் கொன்றுவிடும். எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னால், மாமியார் எழுந்த பிறகுதான் மருமகள் அடுப்படிக்குள் போகலாம். மருமகள் எவ்வளவு படித்தவளாக இருந்தாலும் சரி. அந்தக் கம்பிக்குப் போட்டியாக நான் கொண்டுவந்த சாமான், அந்தக் கம்பியின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது!

"அப்ப என்ன பண்ணலாம்?"

"பேட்டரி வெச்சுட்டா தனியா நிக்கும் சார். முடியும்." மணியைப் பார்த்தேன். காலை பத்தரை.

பேட்டரி விற்கிறவர் டை கட்டிக்கொண்டு வந்தார். நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேட்டரியின் பூர்வீகத்தைச் சொன்னார், பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளையின் குலம் சொல்வதுபோல. இந்த ஜாதிப் பேட்டரி வீட்டுக்காகப் பிறந்ததே இல்லையாம். முதலில் கையில் பிடித்துப் படம் எடுக்கிற கேமராவுக்காகச் செய்தார்களாம். பிறகு மடிக் கம்ப்யூட்டர் கேட்டது, போன் கேட்டது. ஊர் உலகத்தில் எல்லாரும் போன் வாங்க வாங்க, செய்கிற கை பழகிப் பழகி விலை இறங்கியது. விலை இறங்கியதும் கார் செய்கிறவன், அட, இதை வைத்தே காரை ஓட்டலாமே என்றான். காருக்காகப் பெரிய பெரிய தொழிற்சாலை கட்டியதில் இன்னும் இறங்கி, கடைசியில் நம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறதாம்.

உன் தம்பி பெண்டாட்டி அதுவரை சமையல் கட்டிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள், கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "அப்ப, எல்லாரும் போனைத் தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் பேட்டரி விலை இறங்குச்சு. அப்படித்தானே?"

"ஒரு வகையில ஆமாங்க மேடம்."

"கேட்டுக்கங்க" என்றாள் என்னைப் பார்த்து. "பத்து வருஷமா நான் போன்ல சீரியல் பாக்கறதைக் குத்திக் காட்டினீங்களே. உங்க அக்கா மூச்சு விடறதுக்கு நான் அப்பவே வேலை செஞ்சிருக்கேன்." அன்றிலிருந்து அவள் சீரியல் பார்க்கும்போது முகத்தில் ஒரு பொதுச்சேவைக் களை தெரிகிறது. நானே சார்ஜர் எடுத்துக் கொடுக்கிறேன்.

பேட்டரி வந்தது. ஒரு பீரோ உயரம். மாடிப்படிக்கு அடியில் வைக்கலாம் என்று பார்த்தால், கூட வந்த புத்தகத்தில், சூடு ஆகாது, ஈரம் ஆகாது, தூசி ஆகாது, நேர் வெயில் ஆகாது, மேலே எதையும் வைக்கக்கூடாது, குழந்தைகள் அண்டக்கூடாது என்று எழுதியிருந்தது. நம் அத்தை பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதுகூட இவ்வளவு நிபந்தனை இல்லை. வீட்டில் காற்றோட்டமாக, வெயில் படாமல், தெருவைப் பார்த்த ஜன்னலோடு இருந்தது ஒரே அறைதான். அது உனக்காக வெள்ளையடித்து, புது மெத்தை போட்டு, நீலத் திரை தைத்து மாட்டிய அறை. அக்கா, கோபப்படாதே. பேட்டரி இப்போது அங்கே இருக்கிறது. உனக்காக வாங்கிய ஏ.சி. அதற்கு ஓடுகிறது. மெத்தை சுவரோடு நிமிர்ந்து நிற்கிறது. உன் தம்பி பெண்டாட்டி அந்த அறையைத் தாண்டும்போது மெதுவாக நடக்கிறாள், யாரோ பெரிய மனுஷர் தூங்குவதுபோல.

இதில் ஒரு சின்னச் சிக்கலை நான் மூன்றாம் நாள்தான் கவனித்தேன். கரண்ட் போகிறபோது பேட்டரி வேலை செய்கிறது. பேட்டரி வேலை செய்தால் சூடாகிறது. சூடானால் ஏ.சி. வேண்டும். ஏ.சி.க்குக் கரண்ட் யார் கொடுப்பது? பேட்டரி. தன்னைக் குளிர வைக்கத் தன்னையே தின்கிறது. மூணு பேஸிடம் சொன்னேன். அப்போது மத்தியானம். "வெயில் அடிக்கற வரைக்கும் ஓடும் சார், ஆனா..." என்றார். அந்த 'ஆனா'வைக் கேட்டதுபோல மறுநாள் மழை பிடித்தது. விடவில்லை. நாலு நாள். மாடியில் எட்டுப் பலகையும் குளித்துக்கொண்டு சும்மா கிடந்தன.

இப்படித்தான் ஜெனரேட்டர் வந்தது. மூடிப்போன ஐஸ் ஃபேக்டரியில் இருந்ததாம். பின்பக்கம் துணி உலர்த்துகிற இடத்தில் தார்ப்பாய் போர்த்தி உட்கார்ந்திருக்கிறது. டீசல் குடிக்கிற சாமானை ஒழிப்பதற்காகத்தான் சூரியனைக் கொண்டுவந்தேன்; சூரியனைக் காப்பாற்ற டீசல் வந்து உட்கார்ந்துவிட்டது.

அது வந்து இறங்கிய அரைமணி நேரத்தில் எதிர்வீட்டு வாத்தியார் குடையோடு வந்தார். சரித்திர பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். பாடம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை.

"தம்பி, இந்தச் சத்தத்துல நான் எப்படி உயிரோட இருக்கறது?"

"சார், அது இன்னும் ஓடவே இல்லையே."

"ஓடினா சத்தம் போடும்ல? முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்." பிறகு குடையை மடக்கினார். மடக்கினால் ஒரு மணி நேரம் என்று அர்த்தம். நான் என் கதையைச் சொன்னதும் அவர் கோபமெல்லாம் போய் முகம் மலர்ந்துவிட்டது. "இதெல்லாம் புதுசா என்ன? எந்த எரிபொருளும் உலகத்துல தனியா வந்ததே இல்லப்பா. நீராவி எந்திரத்தை எதுக்குச் செஞ்சான்? நிலக்கரிச் சுரங்கத்துல தேங்கின தண்ணியை இறைக்க. எந்திரம் ஓடறதுக்கு நிலக்கரி, நிலக்கரி எடுக்கறதுக்கு எந்திரம். கோழியும் முட்டையும்! அப்புறம் மண்ணெண்ணெய் காய்ச்சினான், விளக்கு எரிக்க. அதுல வந்த பெட்ரோலை என்ன செய்யறதுன்னு தெரியாம ஆத்துல கொட்டினவன் உண்டு. கரண்ட் பல்பு வந்து விளக்கு அணைஞ்சுது, எண்ணெய்க்காரன் தலையில துண்டு. அந்த நேரம் பாத்துக் கார் வந்து, கொட்டின பெட்ரோலைக் கொண்டா கொண்டான்னு கேட்டுது! ஆரம்பத்துல கரண்ட்ல ஓடற காரும் இருந்துது தெரியுமா? பெட்ரோல் காரைக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணணும், மணிக்கட்டு உடையும். பொம்பளைங்க, டாக்டருங்க எல்லாம் கரண்ட் கார்தான். அப்புறம் ஒருத்தன் பெட்ரோல் கார்ல ஒரு பேட்டரியும் ஒரு சின்ன மோட்டாரும் வெச்சான். பட்டனை அமுக்கினா கிளம்பிடுச்சு. தன்னை ஒழிக்கப் போறவனைக் கரண்டே கைகொடுத்து எழுப்பி விட்டுது. கரண்ட் கார் ஒழிஞ்சுது. இப்ப நூறு வருஷம் கழிச்சுப் பழி வாங்க வந்திருக்கு!"

"இந்த ஜெனரேட்டரும் பட்டன்ல கிளம்பறதுதான் சார்" என்றேன்.

"அப்ப அதுக்குள்ளயும் ஒரு பேட்டரி இருக்கும். பாத்துக்க" என்றார். அக்கா, அந்தப் 'பாத்துக்க'வை நான் சரித்திரமாகக் கேட்டேன். எச்சரிக்கையாகக் கேட்டிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பரீட்சை வைத்தோம். புது மெஷின் வந்ததும் "பழசை வெச்சு ஓட்டிப் பாரு, நிக்காம ஓடினா சொல்லு" என்று உன் பழைய மெஷினைப் பையோடு அனுப்பினாயே, அதை வைத்து. நோயாளி நான். உன் அறையில் மெத்தையைக் கீழே சாய்த்து, பேட்டரிக்குப் பக்கத்தில் படுத்து, மூக்கில் முகமூடியை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தால், அக்கா, யானை! சந்தேகமே வேண்டாம். குட்டி யானை. தும்பிக்கை நேராக மேஜைமேல் இருக்கிற டப்பாவுக்குப் போகிறது. நீயும் வந்து ஆளுக்கொன்று மாட்டிக்கொண்டு வாசலில் நின்றால் தெருவில் டிக்கெட் போடலாம்.

"ரெடியா சார்?" என்று மூணு பேஸ் கீழிருந்து கத்தி மெயினை அணைத்தார். சோலார் உடனே நின்றது; மாமியார் போயாயிற்று, மழை வேறு. பேட்டரி எடுத்துக்கொண்டது. ஆஹா, மெஷின் நிற்கவில்லை, ஏ.சி. நிற்கவில்லை, நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். நாலு நாள் வெயில் இல்லாமல், தன் ஏ.சி.யைத் தானே தின்றுகொண்டிருந்த பேட்டரியில் எவ்வளவு இருக்கும் என்று யாரும் பார்க்கவில்லை. பதினோரு நிமிஷம் இருந்தது. பன்னிரண்டாவது நிமிஷம் 'பீப்' என்று ஒரு குரல் கொடுத்துத் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. தும்பிக்கையில் காற்று நின்றது. நான் முகமூடியைப் பிடித்து இழுக்கிறேன், வார் பின்தலையில் மாட்டிக்கொண்டு வரவில்லை, "ம்ம்! ம்ம்!" என்கிறேன், உன் தம்பி பெண்டாட்டி "நல்லா இருக்காம்!" என்று கீழே குரல் கொடுக்கிறாள். அப்புறம் என் கால் உதைப்பதைப் பார்த்துத்தான் வாரை அவிழ்த்தாள்.

ஜெனரேட்டர் தானாகக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. பின்பக்கம் ஓடிப் போய்ப் பட்டனை அமுக்கினோம். "டக்." இன்னொரு முறை. "டக்." உள்ளேயிருக்கிற சின்னப் பேட்டரி செத்திருந்தது. அது சாகாமல் இருப்பதற்காக மூணு பேஸ் ஒரு சார்ஜரை என் கடைச் சுவரில் சொருகி வைத்திருந்தார். சார்ஜரைப் பார்க்கப் போனோம். அந்த இடத்தில் என் லேமினேஷன் மெஷின் சொருகியிருந்தது. யார் சொருகினார்கள் என்று மூணு பேஸ் கேட்டார். உன் தம்பி பெண்டாட்டி என்னைப் பார்த்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

நிலைமையைப் பார், அக்கா. டீசல் கிளம்பச் சின்னப் பேட்டரி வேண்டும். சின்னப் பேட்டரி உயிரோடிருக்க வீட்டில் கரண்ட் வேண்டும். வீட்டில் கரண்ட் இருக்கப் பெரிய பேட்டரி வேண்டும். பெரிய பேட்டரிக்கு சோலார் வேண்டும், இல்லையென்றால் டீசல் வேண்டும். நம் வீட்டில் பந்தியில் உட்கார்ந்து "நீ முதல்ல ஆரம்பி", "இல்ல இல்ல, நீங்க ஆரம்பிங்க" என்று யாருமே சாப்பிடாமல் இருப்பார்களே, அப்படி நாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தன.

எதிர்வீட்டு ஜன்னலில் இருந்து குரல் வந்தது. "என் காரைக் கொண்டாரட்டுமா? அதுல இருந்து வயர் போட்டு எழுப்பிடலாம்!" வாத்தியாரிடம் ஒரு பழைய பெட்ரோல் கார் உண்டு, மருத்துவமனைக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார். சாவியைத் திருப்பினார். "டக்." இரண்டு மாதமாக யாருக்கும் உடம்புக்கு வரவில்லை, கல்யாணமும் இல்லை. "தள்ளுங்க" என்றார் உள்ளே உட்கார்ந்தபடி.

தள்ளினோம். மழையில், முழங்கால் தண்ணீரில், நான், மூணு பேஸ், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உன் தம்பி பெண்டாட்டி. வாத்தியார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாத்துக்கும் முந்தின எரிபொருள் இதுதான்! மத்தியானம் சாப்பிட்ட சோறு!" என்று பாடம் நடத்தினார். தள்ளத் தள்ள எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. அப்பாவின் பெரிய சைக்கிளில் என்னை ஏற்றிவிட்டு, சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாயே. நீ எப்போது விட்டாய் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது நீ தெருக்கோடியில் இடுப்பில் கை வைத்து இரைத்துக்கொண்டு நின்றாய்.

தெருமுனையில் கார் இருமிக்கொண்டு கிளம்பிற்று. கூச்சல் போட்டு அதை நம் வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவந்தோம். கார் இருப்பது முன்வாசலில். ஜெனரேட்டர் இருப்பது பின்பக்கம். மூணு பேஸிடம் இருந்த வயர் ஒரு ஆள் நீளம். "முடியாது சார்" என்றார். மணி சாயங்காலம் ஐந்து. அந்த நிமிஷம் தெருவில் "ஓ" என்று சத்தம் எழுந்தது. வேறு யாரோ வயர் கொண்டுவந்தார்கள் என்று நினைத்தேன். இல்லை. அங்கங்கே விளக்கு எரிந்தது. விசாரித்தால், நாங்கள் காரைத் தள்ளிக்கொண்டிருந்தபோது தெருவுக்கே கரண்ட் போய், இப்போது வந்திருக்கிறது. நம் வீட்டில் மட்டும் இருட்டு; பரீட்சைக்காக அணைத்த மெயினைத் திருப்பிப் போட யாருக்கும் தோன்றவில்லை. போட்டதும் எல்லாம் ஒன்றும் நடக்காததுபோல் ஓட ஆரம்பித்தன. உன் அறையில் ஏ.சி. குளிர்ந்தது. பேட்டரி சுகமாக இருந்தது.

ஆக, விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் சரியாக ஓடினால் பதினைந்தாம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறாய். டிக்கெட் எடுத்திருந்தால் தயவுசெய்து ரத்து செய்துவிடு. இன்னும் ஒரு மாதம் பொறு. மழை நாளில் வெயில் இல்லாவிட்டாலும் காற்று உண்டு, மொட்டை மாடியில் கரண்ட் எடுக்கிற சின்னக் காற்றாடி ஒன்று வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று மூணு பேஸ் சொல்கிறார். அதை நட்டு வைக்கத் தண்ணீர்த் தொட்டியை நகர்த்த வேண்டும், தொட்டியை நகர்த்தினால் மோட்டார் மாற்ற வேண்டும், மோட்டார் மாற்றினால்... அது உனக்கு எதற்கு. காலையில்தான் கேட்டேன், முடியுமாம். மூச்சு விஷயம், அக்கா. அரைகுறையாக வைத்துக்கொண்டு உன்னை வரச்சொல்ல எனக்குத் தைரியமில்லை. உன் மெஷின் பதினோரு நிமிஷம் ஓடிப் பன்னிரண்டாவது நிமிஷம் நின்றால் நான் என்ன செய்வேன்?

உடம்பைப் பார்த்துக்கொள். மூன்றாவது மாடிக்கு லிஃப்டில் போ, உன் வீம்பில் படியேறாதே. உன் கை என் தலைமேல் இருக்கட்டும். அதற்கு மட்டும் பிளக் பாயிண்ட் வேண்டாம்.

உன் தம்பி

பின்குறிப்பு: மேலே உள்ளதெல்லாம் ரத்து. கடிதத்தை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது, உன் பழைய மெஷினைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டிருந்த உன் தம்பி பெண்டாட்டி, "என்னங்க, இங்க வாங்க" என்றாள். பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் செங்கல் அளவில் ஒரு சாமான். அதன்மேல் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு. சர்க்கரை டப்பாவில் சர்க்கரை என்று எழுதி ஒட்டுகிறவள் நீ. "பேட்டரி 2. கரண்ட் போனால் இதைச் சொருகவும். எட்டு மணி நேரம் ஓடும். புது மெஷினுக்கும் பொருந்தும்." சொருகிப் பார்த்தோம். ஓடியது. இதோ இந்த வரியை எழுதும்போதும் மேஜைமேல் ஓடிக்கொண்டிருக்கிறது, எந்தச் சுவரிலும் சொருகாமல். அந்தக் கேமராவுக்கும் போனுக்கும் பிறந்த அதே ஜாதிப் பேட்டரிதான். கைக்குழந்தை.

இரண்டாவது இங்கே இருக்கிறது என்றால் முதலாவது உன்னிடம் இருக்கிறது. அதாவது என் வீட்டில் கரண்ட் இருந்தால் என்ன, போனால் என்ன, உனக்கு ஒரு ராத்திரியும் கவலை இல்லை. இது முதலிலிருந்தே உனக்குத் தெரியும். "அப்புறம் எதுக்கு அக்கா கரண்ட் கரண்ட்னு சொன்னா?" என்று நான் கேட்டேன். உன் தம்பி பெண்டாட்டி பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டை விரலால் நீவி விட்டாள்.

"அண்ணிக்குக் கரண்டைப் பத்திக் கவலையே இல்லங்க. உங்க வாயைப் பத்தித்தான் கவலை."

"என் வாயா?"

"மாவு மில்லுன்னு கூடத்துல சொன்னீங்களே. என் கல்யாணத்துல எவனாவது என்னை அப்படிச் சொல்லியிருந்தா, நான் அந்த வீட்டு வாசல் மிதிச்சிருக்க மாட்டேன். அவங்க சாயங்கால பஸ் வரைக்குமாவது இருந்தாங்க."

அக்கா, இருபத்தெட்டு வருஷமாக ஆறு மணி பஸ். நான் கம்பத்தையும் கம்பியையும் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வீட்டில் கரண்ட் இல்லாமல், வெயில் இல்லாமல், டீசல் இல்லாமல், யாரும் தள்ளிவிடாமல் நிற்காமல் ஓடுகிற எந்திரம் ஒன்று உண்டு, அது என் வாய்தான். அதை அணைக்க வழி பார்க்காமல் மொட்டை மாடியில் ஏறிவிட்டேன். சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவளைப் பற்றி நாலு பேர் சிரிக்கிற மாதிரி பேசியவனுக்கு மன்னிப்பு கேட்கக்கூடச் சரியான வார்த்தை வரவில்லை. இவ்வளவு நீளக் கடிதம் எழுதியவனுக்கு. தப்புதான் அக்கா.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சையைப் பற்றி எழுதிய இடத்தில் யானை என்று சில வரிகள் இருந்தன. மை தீற்றி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். பிடிக்காதே.

பதினைந்தாம் தேதி வரை எதற்கு? வெள்ளிக்கிழமை நானே வருகிறேன், சேர்ந்து வரலாம். காற்றாடி வேண்டாம் என்று மூணு பேஸிடம் சொல்லியாயிற்று. பெரிய பேட்டரியை உடனே நாலு பேர் தூக்கி மாடிப்படிக்கு அடியில் வைத்தாயிற்று. சூடானால் ஆகட்டும், அது என்ன என் அக்காவா? உன் அறையில் மெத்தை போட்டு, நீலத் திரையைத் துவைத்து மாட்டியிருக்கிறாள்.

ஜெனரேட்டரை மட்டும் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ராத்திரியில் உனக்கு மெஷின் இருக்கிறது, சத்தமே இருக்காது. மத்தியானம் ஜன்னலோர நாற்காலியில் மெஷின் இல்லாமல் கொஞ்சம் கண் அயர்வாய், அயர வேண்டும். கையோடு எதிர்வீட்டு வாத்தியாரிடம் போய், அடுத்த வாரத்திலிருந்து தினமும் இரண்டு மணிக்கு ஜெனரேட்டரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம், சத்தம் கொஞ்சம் பலமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.